வலது பக்கத் திருப்பம்

விழுந்திருந்தால்கூடப் பரவாயில்லை. விழுந்தேன், அடிபட்டது, அதனால் பயம் வந்தது என்று நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளலாம். எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. நல்ல வெயில், காய்ந்த சாலை, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பியிருந்தேன். பெரிய சந்திப்பில் வலது பக்கம் திரும்ப வேண்டும். இண்டிகேட்டர் போட்டேன். வேகத்தைக் குறைத்தேன். திரும்பவில்லை. சாலை நடுவில் இரண்டு கால்களையும் ஊன்றிக்கொண்டு அப்படியே நின்றேன்.

பின்னால் ஹாரன்கள் அலறின. ஒருத்தன் என்னை ஒட்டியே வண்டியைக் கொண்டுவந்து, "ஏம்மா, வீட்டுல சொல்லிட்டு வந்துட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போனான். வேறு நாளாயிருந்தால் அவனை அடுத்த சிக்னல்வரை துரத்திப் போய்ப் பதில் சொல்லியிருப்பேன். அன்றைக்கு எதற்கோ காத்திருந்தேன். எதற்கென்று கேட்டால் எனக்கே தெரியாது. கடைசியில் இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்தேன். என்னை! வண்டியைத் தள்ள வைத்துவிட்டது!

எங்கள் தெருவில் எனக்குப் பெயரே பைலட்தான். கண்ணாடிக் கடை வைத்திருக்கிறோம், நானும் என் வீட்டுக்காரரும். ஜன்னல் கண்ணாடி, அலமாரிக் கண்ணாடி, முகம் பார்க்கிற கண்ணாடி எல்லாம் அளந்து, வெட்டி, கொண்டுபோய் மாட்டிக் கொடுப்போம். வண்டி ஓட்டுவது நான். பின்னால் உட்கார்ந்து கண்ணாடியைப் பிடிப்பது அவர். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அவருக்குக் கை நீளம். திருட்டுக் கை இல்லை, டேப் வைத்து அளந்தால் நீளம். எனக்கு வாய்தான் நீளம். கண்ணாடியை வாயால் பிடிக்க முடியாது, அதனால் நான் முன்னால்.

இடது பக்கம் ஃபுட்ரெஸ்டுக்கு மேலே ஒரு பலகை அடித்திருக்கிறோம். அதில் சாக்கை மடித்துப் போட்டு, கண்ணாடியை நிற்க வைத்து, இவர் இரண்டு கையாலும் மேல் விளிம்பைப் பிடித்துக்கொள்வார். கண்ணாடி இடிக்கும் என்பதால் வண்டியின் சைடு மிர்ரர்களைக் கழற்றிப் பல வருடமாகிறது. கண்ணாடிக் கடைக்காரி வண்டியில் கண்ணாடி இல்லை என்று மெக்கானிக் தம்பி பார்க்கும்போதெல்லாம் கேலி செய்வான். இந்தத் தொழிலில் ஒரே ஒரு சட்டம்தான். கண்ணாடி ஏறிவிட்டால் ஓட்டுகிறவர் கழுத்து திரும்பக் கூடாது. தலை திரும்பினால் தோள் திரும்பும், தோள் திரும்பினால் ஹாண்டில் ஆடும், ஹாண்டில் ஆடினால் சரக்கு தூள். நேரே பார், நேரே போ. கல்யாணமாகிக் கடைக்கு வந்த புதிதில் இவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அது.

இப்போது இவரால் கண்ணாடி பிடிக்க முடியாது. ஸ்டாண்டிலிருந்து இறக்கும்போது ஒரு பெரிய தகடு நழுவி, வலது உள்ளங்கையில் இறங்கிவிட்டது. நரம்பைச் சேர்த்துத் தைத்தார்கள். கட்டுப் பிரித்த பிறகும் இரண்டு விரல்கள் மடங்கியபடியே நின்றன. தினமும் காலையில் பயிற்சி செய்தால் நீட்டலாம், விட்டுவிட்டால் அப்படியே ஒட்டிக்கொள்ளும், அப்புறம் ஆண்டவனே வந்தாலும் பிரிக்க முடியாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆக, அவருக்குப் பயிற்சி. எனக்குக் கடை. அளவெடுக்கப் போவது, வெட்டுவது, கொடுக்கப் போவது எல்லாம் நான் ஒருத்தி. பெரிய தகடுகளை லோடு வண்டியில் அனுப்பிவிடலாம். ஆனால் ஒவ்வொரு வீடாகப் போய் அளவெடுக்க இந்த வண்டிதான். நான் வண்டியை எடுக்காவிட்டால் கடையின் ஷட்டரை இறக்கிப் பூட்ட வேண்டியதுதான்.

அந்த நேரம் பார்த்துத்தான் இந்தக் கூத்து.

முதலில் வண்டி மேல் பழி போட்டேன். மெக்கானிக் அதை எடுத்துக்கொண்டு தெருவை இரண்டு சுற்றுச் சுற்றினான். வந்து இறங்கி, "வண்டி தங்கம்க்கா. என்ன பண்ணுதுன்னு சொல்லுங்க" என்றான்.

"வலது பக்கம் திரும்ப மாட்டேங்குது."

"இப்ப நான் வலது பக்கம்தானக்கா திரும்பி வந்தேன்?"

"எனக்குத் திரும்ப மாட்டேங்குதுடா!"

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். எதற்கும் இருக்கட்டும் என்று ஹாண்டில் பேரிங்குக்கு கிரீஸ் வைத்து, சைடு மிர்ரர் இரண்டையும் புதிதாக மாட்டிவிட்டான். அதிலும் பிரயோஜனமில்லை. கண்ணாடி விற்கிறவளுக்குத்தான் கண்ணாடி எவ்வளவு பொய் சொல்லும் என்று தெரியும். மலிவுக் கண்ணாடியில் மூக்கு வளையும், வண்டிக் கண்ணாடியிலோ கிட்டத்தில் இருப்பது எட்டத்தில் தெரியும். பின்னால் வருகிற லாரி அதற்குள் ஒரு தீப்பெட்டி அளவுக்கு ஆடிக்கொண்டிருந்தது. அதை நம்பி யார் திரும்புவது?

இடது பக்கம் பிரச்சினையே இல்லை. நேரே போவதும் வெண்ணெய்தான். வலது என்றால் மட்டும் உடம்பு கல்லாகிவிடும். அதனால் வலது பக்கம் திரும்ப வேண்டிய இடத்துக்கெல்லாம் இடது, இடது, இடது என்று தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டேன். டெய்லர் கடையில் கண்ணாடிக்கு அளவெடுக்கப் போனவள் ஊரில் பாதியைச் சுற்றிவிட்டுப் போய்ச் சேர்ந்தேன். அந்த டெய்லரக்கா, "கூப்பிடு தூரத்துல இருக்கீங்க, இவ்ளோ நேரமா?" என்று கேட்டாள். டிராஃபிக் என்றேன். அவள் வாசலை எட்டிப் பார்த்தாள். சாலையில் ஒரு சைக்கிள் போய்க்கொண்டிருந்தது.

ராத்திரி படுத்தால் தூக்கமில்லை. கண்ணில் கோளாறா? கண் டாக்டரிடம் போனேன். கடைசி வரி வரைக்கும் படித்தேன். வயசா? இன்னும் நாற்பதுகூட ஆகவில்லை. இவருக்கு அடிபட்டதில் மனசு பயந்துவிட்டதா? அப்படியென்றால் கண்ணாடியைத் தொடத்தானே பயப்பட வேண்டும்? கண்ணாடியைக் கத்தரிக்காய் மாதிரி வெட்டிக்கொண்டிருக்கிறேன். வெட்டுகிற கை வலது பக்கம் திரும்ப மட்டும் ஏன் மறுக்கிறது? யோசிக்க யோசிக்க, நூல்கண்டைப் பூனைக்குட்டியிடம் கொடுத்த மாதிரி ஆனது. ஒரு முனையும் அகப்படவில்லை.

என் தம்பி, "பயப்படாத, நான் பின்னால உக்காந்து வர்றேன்" என்று வந்தான். அதே சந்திப்பு. இண்டிகேட்டர் போட்டேன். நின்றேன்.

"போக்கா, காலியாத்தான் இருக்கு! போ!"

போகவில்லை.

"அக்கா, ஒரு யானையே திரும்பலாம்க்கா, போயேன்!"

"நீ சொன்னா நான் போயிடணுமா? இறங்குடா கீழ!"

பாவம், அவனை அங்கேயே இறக்கிவிட்டேன். அவன் நடந்தே வீட்டுக்கு வந்து, இனி இவளோடு ஜென்மத்துக்கும் வண்டியில் ஏற மாட்டேன் என்று என் வீட்டுக்காரரிடம் சத்தியம் செய்துவிட்டுப் போனான்.

இவர் அதுவரை ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நாளாகவே அப்படித்தான். மடங்கின விரல்களைப் பார்த்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். தாடியைக்கூட எடுப்பதில்லை. நான் கண்ணாடி வெட்டும் சத்தம் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். காலையில் எழுந்து பயிற்சிக்குப் போவது ஒன்றுதான் அவருக்கிருந்த வேலை. அதற்கும் பஸ்ஸில்தான் போய் வந்தார். அன்றைக்கு என்ன நினைத்தாரோ, "நாளைக்கு என்னைக் கொண்டு போய் விடுறியா?" என்றார்.

கொண்டுபோய் விட்டேன். இப்போது சொல்வதை நம்ப வேண்டும். அதே வண்டி, அதே சந்திப்பு. இண்டிகேட்டர் போட்டேன், திரும்பினேன், போய்விட்டேன். அவ்வளவுதான். திரும்பி முடித்த பிறகுதான் திரும்பிவிட்டேன் என்பதே உறைத்தது.

சந்தோஷப்பட வேண்டியவள்தானே? எனக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே! அவரை இறக்கிவிட்டுத் தனியாக வரும்போது மறுபடியும் வலது பக்கம் திரும்ப முடியவில்லை. அப்படியென்றால் என்ன அர்த்தம்? புருஷன் பின்னால் உட்கார்ந்தால்தான் ஓட்ட வரும் என்று அர்த்தமா? கல்யாணத்துக்கு முன்னாலேயே லைசென்ஸ் வாங்கியவள் நான். இவருக்கு சைக்கிள்கூட உருப்படியாக ஓட்டத் தெரியாது. இந்த மனுஷன் சும்மா மூட்டை மாதிரி பின்னால் உட்கார்ந்தால் எனக்குத் தைரியம் வருகிறதாம்! இதை வெளியில் சொன்னால் பைலட் என்று கூப்பிட்ட தெரு கைகொட்டிச் சிரிக்கும். சமையலறையில் பாத்திரத்தை எல்லாம் தடால் தடாலென்று போட்டேன். இவர் எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போய் உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் அவரைப் பயிற்சியிலிருந்து கூட்டிவரப் போனேன், இடது, இடது, இடது என்று சுற்றித்தான். வரும் வழியில் ஹார்டுவேர் கடையில் கண்ணாடி ஒட்டுகிற பசை ட்யூப்கள் ஒரு பெட்டி வாங்கினோம். பெட்டியை வலது பக்கமாக சீட்டோடு சேர்த்துக் கட்டினேன். இவர் காலை அகட்டிப் பெட்டிக்கு வெளிப்பக்கம் போட்டு உட்கார்ந்தார். சந்திப்பு வந்தது. இண்டிகேட்டர் போட்டேன்.

நின்றுவிட்டேன்.

இவர் பின்னால் இருக்கிறார், நான் நிற்கிறேன்! உடம்பு கல்லாகிவிட்டது, ஆனால் உள்ளே ஒரு பக்கம் குளிர்ந்தது. அப்பாடா, புருஷன் விவகாரம் இல்லை. அடுத்த நொடியே பகீரென்றது. அதுவும் இல்லையென்றால் இது என்னதான்?

"போ" என்றார் இவர்.

"முடியல."

"யாருமே வரல. நான் பாத்துட்டுத்தான் சொல்றேன்."

"முடியலைங்க! என்னன்னே தெரியல!"

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வண்டியை ஓரங்கட்டினேன். இவர் இறங்கி, பெட்டியைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார். ஜன்னல் சட்டம் கோணலாக இருந்தால் பார்ப்பாரே, அப்படி.

"முட்டி எட்டல" என்றார்.

"என்ன எட்டல?"

"நான் தட்டுவேன்ல, அது. பெட்டி குறுக்க இருக்கு."

"எத தட்டுவீங்க?"

என்னை அவர் பார்த்த பார்வையில் அவ்வளவு திகைப்பு. "வலது பக்கம் திரும்பறப்ப பின்னால யாரும் வரலைன்னா என் கால் முட்டியால உன் இடுப்புல ஒரு தட்டு தட்டுவேன். நீ திரும்புவ. கையில கண்ணாடி இருக்கு, வேற எதால சொல்றது? முன்னால நான் வேலை பாத்த கடையில முதலாளி ஓட்டினப்பயும் அப்படித்தான் செய்வேன். உனக்குத் தெரியாதா?"

"நீங்க சொன்னீங்களா?"

"சொல்லணுமா? தட்டினா போறியே, உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

நான் அந்த ஓரத்திலேயே, அந்த வெயிலில், நடைபாதைக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். எத்தனை வருடம், எத்தனை திருப்பம்! சரக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இவர் என் பின்னால் இருப்பார், அந்த முட்டி தட்டும், நான் போவேன். இடது பக்கம் திரும்ப யாரையும் கேட்க வேண்டியதில்லை, ஒதுங்கிப் போய்விடலாம். வலது பக்கம்தான் பின்னால் வருகிறவனுக்குக் குறுக்கே போக வேண்டும். அதை நான் பார்த்ததே இல்லை. பார்க்கக் கூடாது என்பது சட்டம். என் இடுப்புக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. சிரிப்பதா, அழுவதா, இவரை நாலு போடு போடுவதா என்று புரியாமல் மூன்றையும் கொஞ்சம் கொஞ்சம் செய்தேன்.

இவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! மறுநாள் காலையில் தாடியை மழித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, எனக்கு முன்னால் வாசலில் நின்றார். "கிளம்பு, அளவெடுக்கப் போலாம். நான் வர்றேன்ல" என்றார். போனோம். முட்டி தட்டியது, திரும்பினேன். நான் டேப்பைப் பிடித்தேன், அவர் நல்ல கையால் மறுமுனையைப் பிடித்தார். வாடிக்கையாளர்களிடம், "இவ ஓட்டுவா, ஆனா ஓட்டுறது நான்தான்" என்று ஜோக் அடித்தார். அவர் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று! எனக்கு அந்த ஜோக் பிடிக்கவே இல்லை. ஆனால் அந்தச் சிரிப்பு வேண்டியிருந்தது. இரண்டுக்கும் நடுவில் நின்று தினமும் முழித்தேன்.

ஒருநாள் கடைக்கு ஃபோன் வந்தது. விரல் பயிற்சி கொடுக்கிற பெண். "மேடம், ஏன் சார் வர்றதே இல்ல? விரல் இறுகிட்டா அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது."

"வர்றதில்லையா? சாயங்காலம் வர்றதா சொன்னாரே?"

"சாயங்காலம் நாங்க மூடிடுவோமே மேடம்."

ஃபோனை வைத்துவிட்டு அவர் எதிரில் போய் நின்றேன். அவர் மேஜை மேல் கை வைத்திருந்தார். விரல்களைப் பார்த்தேன். போன வாரம் பாதி நீண்டிருந்தவை, மறுபடியும் உள்ளே மடங்கியிருந்தன.

"ஏங்க, புத்தி இருக்கா? கையைவிட இது முக்கியமா?"

"நான் வரலைன்னா நீ எப்படிப் போவ?"

"அது என் தலைவலி!"

"இல்ல." குரல் இறங்கிவிட்டது. "இந்தக் கை நீண்டாலும் இனிமே கனம் பிடிக்காது. டாக்டர் அன்னைக்கே என்கிட்ட சொல்லிட்டார், உன்கிட்ட சொல்லல. கண்ணாடி பிடிக்க முடியாது, வெட்ட முடியாது. இந்த முட்டி ஒண்ணுதான் உனக்கு உபயோகம்னு இருக்கு. அதையும் விட்டுட்டு நான் என்ன பண்றது?"

திட்ட ஆரம்பித்தவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த இரண்டு விரல்களையும் பிடித்துக்கொண்டேன். சில்லென்றிருந்தன. அவருக்கு வேலை வேண்டும் என்று நான் இப்படியே ஓட்டலாம், விரல் போய்விடும். விரல் வேண்டும் என்றால் அவருடைய வேலையை நான் பிடுங்க வேண்டும். எது பாவம், எது நல்லது, ஒரு இழவும் புரியவில்லை. விடியும்வரை புரளவும் இல்லை, தூங்கவும் இல்லை.

காலையில், "வாங்க, பயிற்சிக்கு" என்றேன்.

ஏறி உட்கார்ந்தார். பெரிய சந்திப்புக்கு முன்னால் வேகத்தைக் குறைத்தேன்.

"முட்டிய எடுங்க."

"எதுக்கு?"

"எடுங்கன்னா எடுங்க."

இடுப்பில் ஒட்டியிருந்த சூடு விலகியது. அவர் நகர்ந்து பின்கம்பியைப் பிடித்துக்கொண்டது சீட்டில் தெரிந்தது. இண்டிகேட்டர் டிக் டிக்கென்று அடித்தது. உடம்பு பழையபடி கல்லாக ஆரம்பித்தது. வரும், தட்டும், என்று உள்ளே ஒன்று காத்துக்கொண்டே இருந்தது. வரவில்லை. கழுத்தைத் திருப்பினேன். அது என் கழுத்தே இல்லை போல வலித்தது. ஹாண்டில் லேசாக ஆடியது. ஆடட்டும், உடைய ஒன்றுமில்லை.

திரும்பினதும் எனக்கு முதலில் தெரிந்தது சாலை இல்லை. அவர் முகம். தோளுக்குப் பக்கத்திலேயே. இத்தனை வருடத்தில் ஓடுகிற வண்டியில் நான் அந்த முகத்தைப் பார்த்ததே கிடையாது. கண்களை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் காதைத் தாண்டிச் சாலை காலியாகக் கிடந்தது, ரொம்ப தூரத்தில் ஒரு பஸ். திருப்பினேன். வண்டி திரும்பியது.

"முடிஞ்சிடுச்சா?" என்றார்.

"முடிஞ்சிடுச்சு. எதுக்குக் கண்ண மூடினீங்க? அவ்ளோ பயமா?"

"பயமில்ல. தொறந்திருந்தா பாத்துடுவேன். பாத்தா முட்டி தானா வந்துடும். அதான்."

முன்னால் சாலை கலங்கலாகத் தெரிந்தது. அடுத்த திருப்பத்தில் எனக்கு இது வருமா, வராதா, அதுவும் தெரியாது. ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டேன் போல, வண்டி தளர்ந்தது.

"ஸ்லோ பண்ணாத. பின்னால பஸ் வருது."

"பாத்துட்டேன்."

பஸ் எங்களைத் தாண்டிப் போனது. அப்புறம், புது மாப்பிள்ளை மாதிரி ஒரு குரலில், "கை சும்மாதான இருக்கு. உன்னைப் பிடிச்சுக்கட்டுமா?" என்று கேட்டார்.

"இதுக்கெல்லாம் பர்மிஷனா? விழுந்து தொலைச்சா அந்தக் கையும் போயிடும். பிடிங்க" என்றேன்.

நல்ல கை முதலில் வந்தது. அப்புறம் மெதுவாக, அந்த மடங்கின விரல்களும் வந்து என் இடுப்பைப் பிடித்தன.